ஏழு மேசைக்கு ஏழு ஒயர்

ஜூன் 3, திங்கள்

டோனர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஐந்து மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்தேன். கவிதை எழுத அல்ல. யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்துவிட்டால் பின்னால் ஒருத்தனும் மாற்றிப் பேச முடியாது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் இந்த ரிச்சி தெருவில் மாற்றிப் பேசாதது இரண்டே இரண்டு. ஒன்று மூலையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர். இன்னொன்று நான்.

காலையில் ஒருவன் போனில் படம் காட்டி "இது இருக்கா" என்றான். இருக்கு என்றேன். "ஆன்லைன்ல இதைவிடக் கம்மி" என்றான். அங்கேயே வாங்குங்க என்றேன். "வர மூணு நாள் ஆகும், எனக்கு இன்னைக்கே வேணும்" என்றான். அந்த மூன்று நாளுக்கு ஒரு விலை இருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. மாதச் சம்பளம் என் வருஷ வாடகை இருக்கும்.

மதியம் வசுமதி என்று ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். சைதாப்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார். வேலை என்னவென்றால், அமெரிக்காவில் ஒருவன் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், டாக்டர் எழுதிய சீட்டைப் படித்து அந்த உடைசலுக்கு என்ன நம்பர் என்று இங்கே உட்கார்ந்து போடுகிறார்கள். நோய்க்கு நம்பர் போட்டுப் பிழைக்கலாம் என்பது ஐம்பத்தைந்து வயதில் எனக்குத் தெரிகிறது.

மேசை ஏழு. பெண்கள் பதினாலு. காலை ஷிப்டுக்கு ஏழு பேர், மதியம் ஏழு பேர். லேப்டாப்பை அவரவர் பையில் கொண்டுவந்து கொண்டுபோவார்கள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பெரிய மானிட்டர் வேண்டும், இடது பக்கம் சீட்டு, வலது பக்கம் நம்பர் பட்டியல். வந்து உட்கார்ந்ததும் ஒரே ஒரு ஒயரைச் செருக வேண்டும். இரண்டு மானிட்டரும் எரிய வேண்டும், லேப்டாப்பும் சார்ஜ் ஏற வேண்டும். கிளம்பும்போது அந்த ஒயரைப் பிடுங்கினால் போதும், அடுத்தவள் உட்கார்ந்து செருகிக்கொள்வாள்.

"பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை வேலை தர்ற கம்பெனி ஆள் வர்றார், மேடம். ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறுறதை நின்னு பாப்பாராம். அஞ்சு நிமிஷத்துல மாறினா மூணு வருஷத்துக்கு வேலை. இல்லன்னா கோயமுத்தூருக்குக் கொடுத்துருவாங்க" என்றார் வசுமதி.

"கொடுத்தா?"

"பதினாலு பேரும் குழந்தை பெத்து வீட்டுல இருந்துட்டுத் திரும்ப வந்தவங்க. ஆறு வருஷம், எட்டு வருஷம் கேப். வேற எவனும் எடுக்க மாட்டான்."

கண்ணைக் கசக்கினால் விலை இறங்கும் என்று சிலர் வருவார்கள். அந்த வகையா என்று பார்த்தேன். இல்லை. ஆனாலும் இறக்கவில்லை.

இதற்கு டாக் என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு மானிட்டரையும் கரண்டையும் நிரந்தரமாகச் செருகிவிட வேண்டும். மறுபக்கத்திலிருந்து ஒரு டைப்-சி ஒயர் லேப்டாப்புக்கு. வசுமதி தன் லேப்டாப்பைக் கொடுத்தார். செருகினேன். இரண்டு மானிட்டரும் எரிந்தன. அந்த அம்மாள் முகத்தில் மூன்றாவது மானிட்டர் எரிந்தது.

"மத்தவங்க லேப்டாப் எல்லாம் பழசு, மேடம். ஒவ்வொண்ணும் ஒரு மாடல். அதுலயும் ஓடுமா?"

"ஓட்டை இதே ஓட்டைதானே?"

"ஆமா."

"மாட்டுதுன்னா ஓடும். முப்பது வருஷமா இதான் பாக்கறேன்."

ஜூன் 4, செவ்வாய்

வெயில். ஒருவன் பென் டிரைவ் வாங்கிவிட்டு அதற்குப் பை கேட்டான்.

ஜூன் 5, புதன்

பதினாலு மானிட்டர், ஏழு டாக், ஒயர் எல்லாம் கட்டினோம். கட்டியது மரியதாஸ் அண்ணன். வயது அறுபத்தொன்று, கடை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். பார்சலில் டேப் ஒட்டுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இன்னொரு கடை திறந்துவிடலாம். ஆனால் அவர் ஒட்டியதை யாராலும் பிரிக்க முடியாது, கஸ்டமர் உட்பட.

இரண்டு எச்டிஎம்ஐ ஒயர் குறைந்தது. "குடோன்ல பாருங்கண்ணே" என்றேன். நான்கு நிமிஷத்தில் கொண்டுவந்தார். எனக்குக் குடோன் கிடையாது. இந்தத் தெருவில் யாருக்குமே கிடையாது. கையில் இல்லாத பொருளைக் கஸ்டமர் கேட்டால் "குடோன்ல இருக்கு, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி அக்கம்பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிக் கொடுப்போம். அவர்களும் நம்மிடம் வாங்குவார்கள். வந்த கஸ்டமரை இன்னொரு கடைப் படியேற விடக்கூடாது. அதுதான் இந்தத் தெருவின் சட்டம்.

மரியதாஸ் அண்ணன் எந்தக் கடையில் வாங்குகிறார் என்று நான் கேட்பதில்லை. கொண்டுவருகிற பொருளில் பாதிக்கு மேல் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும்.

நேர் எதிர்க்கடை இன்பராஜுடையது. இன்பராஜ் என் உடன்பிறந்த தம்பி, என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். பேச்சு நின்று ஏழு வருஷம். இன்றைக்கு அவன் கடையில் கூட்டமில்லை. எப்படி இருக்கும்? பொருளை விற்பதைவிட்டு ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஜூன் 6, வியாழன்

சைதாப்பேட்டையில் இறக்கினோம். லிஃப்ட் இல்லை. கீழே பேக்கரியில் பன் வேகும் வாசனை மாடி முழுக்க அடிக்கிறது. அங்கே எட்டு மணி நேரம் உட்கார்ந்து எப்படி எடை ஏறாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஏறித்தான் இருக்கிறார்கள்.

ஏழு மேசையிலும் மாட்டினோம். வசுமதியின் லேப்டாப்பை ஏழிலும் செருகிப் பார்த்தோம். ஏழும் எரிந்தன. நாளைக்குக் காலை ஷிப்டிலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். முடிந்தது.

ஜூன் 7, வெள்ளி

காலை ஒன்பது பத்துக்கு வசுமதி போன். "மூணு பேருக்கு மானிட்டர் வரல, மேடம்."

"அழுத்திச் செருகச் சொல்லுங்க."

பத்தே காலுக்கு மறுபடி. அழுத்திச் செருகிவிட்டார்களாம். "மவுஸ் ஓடுது, கீபோர்டு ஓடுது, சார்ஜ் ஏறுது. மானிட்டர் ரெண்டும் கருப்பு."

மூன்றும் ஓடுகிறது என்றால் நாலாவதும் ஓடும், ஏதாவது பட்டனைத் தட்டியிருப்பார்கள் என்றேன். படித்த பெண்களுக்கு ஒயர் செருகத் தெரியவில்லை.

மதியம் இரண்டே காலுக்கு மறுபடி. மதிய ஷிப்டிலும் மூன்று பேருக்கு.

ஜூன் 8, சனி

தெருவில் வாரத்திலேயே பெரிய வியாபார நாள். அதை விட்டுவிட்டு நானே போனேன். இரண்டாம் மாடி ஏறியதும் முழங்கால் தனியாக ஒரு கடை நடத்த ஆரம்பித்துவிட்டது.

ஒயரை மாற்றினேன். டாக்கை மாற்றினேன். மேசையை மாற்றி உட்காரவைத்தேன். எட்டு லேப்டாப்பில் எல்லா மேசையிலும் படம் வருகிறது. ஆறு லேப்டாப்பில் எந்த மேசையிலும் வரவில்லை. ஓட்டை அதே ஓட்டை. ஒயர் உள்ளே போய் கிளிக் என்று உட்காருகிறது, விரல் நகமளவு இடைவெளிகூட இல்லை.

பழைய காலத்தில் மானிட்டர் ஒயருக்கு ஒரு வடிவம், பிரிண்டருக்கு ஒரு வடிவம், மவுசுக்கு ஒரு வடிவம். தப்பான ஓட்டையில் உள்ளேயே போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட மாட்டிவிடுவான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டை வைத்துவிட்டு, அதற்குள்ளே படம் போகுமா, கரண்டு மட்டும் போகுமா என்பதை நாம் ஜாதகம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். இதைக் கண்டுபிடித்தவனைக் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

ஜெரினா என்று ஒருத்தி, ஆறு கருப்பு லேப்டாப்பில் ஒன்று அவளுடையது. முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டே, "அக்கா, தியேட்டர் எல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. படம் எப்பப் போடுவீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வசுமதி சிரிக்கவில்லை.

"லேப்டாப் பழசு, அதான்" என்று சொல்லிவிட்டு, மாற்றுக்கு இருக்கட்டும் என்று பெட்டியிலிருந்து கொண்டுபோன இரண்டு டைப்-சி ஒயரை இரண்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாதிரியார் பிரசங்கம் நாற்பது நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கலாம். வீட்டில் மீன் குழம்பு வைத்தேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு வைத்தாலும் மிஞ்சுகிறது.

சும்மா உட்கார்ந்திருப்பதால் இன்பராஜ் விஷயத்தையும் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

அவனை எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து பதினேழு வயதில் நான்தான் கூட்டி வந்தேன். என் வீட்டுக்காரர் இறந்து நான் தனியாகக் கடை நடத்திய வருஷங்களில் அவன் கூட இருந்தான், அதை இல்லையென்று சொல்லவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் வந்தார். இதே மாதிரி இரண்டு மானிட்டர் சமாச்சாரம். சாமானைப் பையில் போட்டாயிற்று, அவர் கையும் பையைப் பிடித்தாயிற்று. அப்போது இவன் வாயைத் திறந்து, "இது உங்க லேப்டாப்புக்கு வேலை செய்யாது சார்" என்றான். கடைக்குள் நின்றுகொண்டு, கடையின் பொருளை, கஸ்டமர் முன்னால்.

"இந்தக் கடைச் சோத்தைத் தின்னுட்டு இந்தக் கடைக்கே குழி பறிக்கியால" என்றேன். இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். அதை எழுத அவசியமில்லை. அன்றைக்குப் போனவன்தான். ஆறு மாதத்தில் எதிரிலேயே கடை போட்டான். அம்மா சாவுக்கு இருவரும் ஊருக்குப் போனோம், வேறு வேறு ரயிலில்.

அந்த வக்கீலுக்கு அது வேலை செய்ததா என்று யாராவது கேட்கலாம். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். அது வேறு விஷயம்.

ஜூன் 10, திங்கள்

வசுமதி கடைக்கே வந்துவிட்டார். கவுன்டரில் நான்கு கஸ்டமர் நிற்கும்போது.

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு, மேடம். நீங்க மாட்டுதுன்னா ஓடும்னு சொன்னீங்க."

"ஆறு லேப்டாப்பை மாத்துங்க."

"அதுக்கு வழியிருந்தா நான் ஏன் செகண்ட் ஹாண்ட் வாங்கறேன்?"

நின்ற நான்கு பேரில் இருவர் நைசாக நழுவிவிட்டார்கள். அந்த அம்மாள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பழகின வேலை. கத்தாமல், ஒரு சீட்டில் ஆறு பேரின் பெயரை எழுதி கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார். ஜெரினா, புனிதவல்லி, அனிதா மேரி, சுபாஷிணி, இன்னும் இரண்டு. பெயரை வைத்து நான் என்ன செய்ய? மானிட்டருக்குப் பெயர் தெரியுமா?

சீட்டு கல்லாவில் கிடக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

மரியதாஸ் அண்ணன் கடையைக் கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், விளக்குமாற்றிடம் சொல்வது போலச் சொன்னார்.

"சிப்பு வச்ச டாக்னு ஒண்ணு இருக்காம்மா. படத்தை அப்படியே அனுப்பாதாம். மவுசுக்குப் போற வழியிலேயே மடிச்சு அனுப்பி, அந்தப் பக்கம் விரிச்சுக் காட்டுமாம். எந்த ஓட்டையா இருந்தாலும் ஓடுமாம்."

"யாரு சொன்னா?"

"குடோன்ல."

"எந்தக் குடோன்ல?"

கூட்டுவதை நிறுத்தினார். "கடை போட்ட நாள்லருந்து உங்க தம்பிகிட்டதாம்மா வாங்குறேன். திட்டுறதுன்னா திட்டிக்குங்க."

திட்டவில்லை. தெரியாமலா இருப்பேன்? பச்சைப் பொட்டு ஒட்டுவது அவன் பழக்கம். செருகிப் பார்த்து ஓடுகிற பொருளுக்கு மட்டும் ஒட்டுவான், என் கடையில் இருந்தபோதே ஒட்டினான். அவன் கடைக்கு நம்மிடமிருந்து கைமாற்றாகப் போகிற பொருளை நானும் ஒருமுறை செருகிப் பார்த்துத்தான் அனுப்புவேன். பாசம் ஒன்றும் இல்லை. கெட்ட பொருள் போனால் மரியதாஸ் அண்ணன்தானே இரண்டு தடவை நடக்க வேண்டும்.

"போய் ஏழு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

போனார். வெறும் கையோடு வந்தார். "என்ன லேப்டாப், என்ன மாடல்னு தெரியாம ஒண்ணுகூடத் தர மாட்டாராம். உங்களையே வரச் சொல்றார்."

பொருளை வைத்துக்கொண்டு விற்கமாட்டேன் என்கிறான். இவனெல்லாம் கடை வைத்திருக்கிறான். வாடகை எப்படிக் கொடுக்கிறானோ.

ஜூன் 12, புதன்

போகவில்லை. காலையில் கூட்டம். மதியம் நல்ல வெயில். நாலு மணிக்கு ஸ்பீக்கர் லோடு வந்தது. பிறகு ஃபேன் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, அதைப் பார்த்தோம். ஐந்தரைக்குப் போகலாமா என்று பார்த்தால் அவன் கடையில் யாரோ பெண்கள் நின்றார்கள். பிறகு மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

வசுமதி போன் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

இரண்டே முக்காலுக்குப் போனேன். தெருவைக் கடக்கப் பதினெட்டு அடி. இரண்டு பைக்காரன்கள் ஹாரன் அடித்தார்கள்.

மூன்று பேர் நின்றார்கள், நாலாவதாக நின்றேன். பார்த்தான். பார்க்காத மாதிரி ஒருவனுக்கு மவுஸ் காட்டிக்கொண்டிருந்தான். மூன்று மவுசை வரிசையாக எடுத்து வைக்கிறான். மூன்றைக் காட்டினால் வந்தவன் யோசிப்பான், யோசித்தால் போய்விடுவான், ஒன்றைத்தான் காட்டணும் என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவன் யோசித்தான், போய்விட்டான்.

என் முறை வந்தது.

"சொல்லுங்க" என்றான். நீங்களாம்.

"சிப்பு வச்ச டாக். ஏழு."

"எந்த லேப்டாப்?"

"பலது. பழசு."

"மாடல் நம்பர் எழுதிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தர?"

"ஏல, நான் ஓசியில கேக்கல."

"ஓசியில கேட்டாலும் பாத்துட்டுத்தான் தருவேன்."

பக்கத்தில் நின்றவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு கஸ்டமர் என்னை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. வந்த வழியே திரும்பியிருப்பேன். கையில் அந்தச் சீட்டு இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. கவுன்டரில் வைத்தேன்.

"இந்த ஆறு பேரு. நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆள் வாரான். ஓடலன்னா பதினாலு பேருக்கும் வேலை போயிரும்."

படித்தான். "இதுல மாடல் நம்பர் எங்க இருக்கு?"

"பேருதான் இருக்கு."

"எங்க?"

"சைதாப்பேட்டை."

கடிகாரத்தைப் பார்த்தான். அலமாரியிலிருந்து நான்கு பெட்டியை எடுத்துப் பையில் போட்டான், ஒரு பென் டிரைவ், ஒரு டார்ச். ஷட்டரை இறக்கினான். மூன்று மணிக்கு, வியாபார நேரத்தில். வியாபாரம் தெரிந்தவன் செய்கிற காரியமா?

ஆட்டோ பிடித்தோம். நந்தனம் சிக்னலில், "படியேறுவீங்களா? மூட்டுவலின்னு மரியதாஸண்ணன் சொன்னாரு" என்றான். அந்த ஆள் கைமாற்றுக்குப் போனாரா, என் ஜாதகத்தைக் கொடுக்கப் போனாரா?

மேலே போனதும் எதையும் செருகவில்லை. கிளம்பும்போதே நான் போன் செய்ததில், வீட்டுக்குப் போன காலை ஷிப்ட் பெண்களையும் வசுமதி திரும்பக் கூப்பிட்டு வைத்திருந்தார். பதினாலு லேப்டாப்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஓட்டைக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு குறி இருக்குமாம். ஒரு குறி இருந்தால் படம் போகும், இல்லையென்றால் பெரும்பாலும் போகாது. குறி இல்லாத ஏழெட்டுக்கும் மாடல் நம்பரைப் போனில் தட்டிப் பார்த்தான். கடைசியில் அடையாளத்துக்கு, படம் போகாத ஆறு லேப்டாப் முதுகில் பச்சைப் பொட்டு விழுந்தது. என் சீட்டில் இருந்த அதே ஆறு.

பிறகு ஷிப்ட் பட்டியலைக் கேட்டான்.

"காலையில மூணு பேரு, மதியம் மூணு பேரு. ஏழு டாக்கும் மாத்த வேண்டாம். மூணு மேசைக்கு மாத்திட்டு இந்த ஆறு பேரையும் அதுலயே உக்கார வைங்க. இந்த ஆறு லேப்டாப்ல மட்டும் ஒரு சாப்ட்வேர் ஏத்தணும். மவுஸ் கொஞ்சம் இழுக்கும், சினிமா பாக்க ஆகாது. சீட்டு பாக்கப் போதும்."

ஏழு விற்க வேண்டிய இடத்தில் மூன்று விற்கிறான். வாங்குகிற நான் ஏழு கேட்டும். நாலாவது பெட்டி எதற்கு என்றால், ஒன்று கெட்டால் மாற்றுக்காம்.

மேசைக்கு அடியில் புகுந்து மாட்டினான். நாற்பத்துநாலு வயதில் தலை உச்சியில் முடி போய்விட்டது. எதிர்க்கடையிலிருந்து பார்த்தால் அது தெரிவதில்லை. ஜெரினாவின் லேப்டாப்பில் சாப்ட்வேர் ஏற்றிச் செருகினான். முதலில் கருப்பு. ஏழெட்டு நொடி. பிறகு இடது மானிட்டர், பிறகு வலது மானிட்டர்.

ஜெரினா கை தட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு திரைக்கும் நடுவே மவுசை இடமும் வலமுமாக நாலு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வசுமதி அவனிடம் கேட்டார். "இதை முன்னாடியே பாத்திருக்க முடியாதா, சார்?"

இன்பராஜ் டார்ச்சை அணைத்தான், போட்டான், அணைத்தான். "லேப்டாப் கம்பெனிக்காரன் சரியாக் குறி போடறதில்ல, மேடம். யாருன்னாலும் தப்பு வரும்."

பொய். இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே சொன்னால் காது சிவந்துவிடும். கஸ்டமர் முன்னால் காது சிவந்து நிற்பது அசிங்கம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் வாயைத் திறந்தேன், வேறு ஒன்றுமில்லை.

"குறி போட்டிருந்துச்சு. நான் பாக்கல. உங்க ஒரு லேப்டாப்பைச் செருகிப் பாத்துட்டு, மாட்டுதுன்னா எல்லாத்துலயும் ஓடும்னு சொன்னேன். தப்பு என் பேர்ல."

பேக்கரியில் தட்டு விழுகிற சத்தம் மாடி வரை கேட்டது.

"என்னக்கா நீங்க" என்றாள் ஜெரினா. "நாலு நாளா யோசிச்சு வச்சிருந்தேன், எப்படி எப்படித் திட்டறதுன்னு. நீங்களே சொல்லிட்டா நான் என்ன பண்ண?"

"திட்டு. நான் எங்கயும் போயிரல."

"இப்ப வேலை இருக்கு" என்று திரும்பிக்கொண்டாள்.

இறங்கும்போது இன்பராஜ் முன்னால் இறங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, போனைப் பார்ப்பது போல நடித்தான். முழங்கால் வேகத்துக்கு இறங்கினேன்.

ஜூன் 14, வெள்ளி

மூன்று மணிக்கு வசுமதி போன். கம்பெனி ஆள் வந்தானாம், டை கட்டியிருந்தானாம், இந்த வெயிலில். இரண்டு மணிக்கு காலை ஷிப்ட் ஏழு பேரும் ஒயரைப் பிடுங்கி எழுந்தார்கள், மதிய ஷிப்ட் ஏழு பேரும் உட்கார்ந்து செருகினார்கள். பதினாலு திரையும் எரிந்தன. நாலு நிமிஷம். அவன் அதைப் பார்க்கவே இல்லை. தீயணைப்பு சிலிண்டரில் தேதி முடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் எப்ப மாறினாங்க?" என்று கேட்டானாம்.

மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இத்தனை பேர் உயிரை விட்டது ஒரு சிலிண்டர்காரனுக்காக.

"உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க, மேடம்" என்றார். அவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறீங்க" என்றார்.

மரியதாஸ் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். போய்ச் சொல்லிவிட்டு வந்து, "சரின்னாரு" என்றார். சரியாம்.

ஜூன் 15, சனி

பதினொன்றரை மணி, நல்ல கூட்டம். கவுன்டரில் ஐந்து பேர். கண்ணாடி போட்ட ஒருவர் மானிட்டருக்கென்று டைப்-சி ஒயர் கேட்டார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காசு எடுக்கப் பையில் கை விட்டார்.

இன்பராஜ் தெருவைத் தாண்டி வந்து கஸ்டமர்களுக்கு நடுவில் நின்றான். கையில் இரண்டு ஒயர். கவுன்டரில் வைத்தான். ஐந்து பேரும் பார்க்க, ஐந்து பேருக்கும் கேட்க,

"சைதாப்பேட்டையில ரெண்டு மேசையில மாத்துக்குன்னு கிடந்துச்சு. உங்க பொருள்தான். இது சார்ஜ் ஒயர், படம் போகாது. நான் வேற வச்சுட்டேன். அந்தப் பெட்டியில இருக்கிறது எல்லாம் இதே லோடு மாதிரி இருக்கு" என்றான்.

கண்ணாடிக்காரர் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். தன் கையில் இருந்த ஒயரைப் பார்த்தார், அவன் வைத்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரியதாஸ் அண்ணன் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார்.

ஒயரை அவரிடமிருந்து வாங்கினேன். வாங்கி, அவன் கொண்டுவந்த இரண்டோடு சேர்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே அச்சடித்த எழுத்து ஒன்றுபோலத்தான் இருந்தது. கண்ணாடிக்காரரை உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை, கால்மணி நேரம் பொறுங்க என்றேன். பொறுக்கமாட்டார், போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். வேலையில்லாத ஆள்.

பெட்டியைத் தூக்கி கவுன்டரில் கவிழ்த்தேன். நூறு ஒயருக்கு மேல் இருக்கும்.

"எது படம் போகும், எது போகாது? காட்டு."

"இங்க நின்னுக்கிட்டு எப்படிக் காட்ட?" என்றான். "மானிட்டர்ல செருகித்தான் பாக்கணும். உன் மானிட்டர் உள்ளல்ல இருக்கு."

கவுன்டர் ஓரத்தில் ஒரு பலகை உண்டு. அதைத் தூக்கினால்தான் உள்ளே வர முடியும், அதுவும் உள்ளே இருக்கிறவர்தான் கொக்கியை எடுக்க வேண்டும். மரியதாஸ் அண்ணன் ஏணியிலிருந்து இறங்க ஆரம்பித்தார். அவர் வேகத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

கொக்கியை நானே எடுத்தேன்.